அமரர் டெஸ்ட் டெஸ்ட்

"எல்லா மெயிலும் போய்ச் சேருது அம்மிணி. நூறு தடவை அனுப்பிப் பாத்துட்டேன். நூறும் சேந்துது. அப்புறமும் அனுப்புற பட்டன்கிட்ட கை போனா நடுங்குது. ஏன்?"

கேட்டவர் தாமோதரன். வயது நாற்பத்தாறு. புரோகிராம் எழுதுவதில் இருபத்திரண்டு வருட அனுபவம்.

கேட்கப்பட்டவள் வளர்மதி. வயது இருபத்தெட்டு. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. டெஸ்டர் என்பார்கள்.

குரு சின்னவள், சீடர் பெரியவர். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்த அலுவலகத்தில் அப்படித்தான் அமைந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

வளர்மதி காதிலிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் தள்ளினாள்.

"நூறும் யாருக்குப் போச்சுங்ண்ணா?"

"கெணத்துக்கு."

கிணறு என்பது அந்த அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். ஒரு செயலியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அது அனுப்பும் மெயில்கள் வெளியே போய்விடக் கூடாது. சம்பந்தமில்லாத யாருக்காவது போய்ச் சேர்ந்தால் வம்பு. அதனால் எந்த முகவரிக்கு அனுப்பினாலும் எல்லாம் ஒரே பெட்டியில் விழுகிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள். விழுந்தது வெளியே வராது. அதனால் கிணறு.

"கெணத்துல யாருங்ண்ணா குடியிருக்காங்க?"

"இதென்ன கேள்வி? யாருமில்லை."

"அப்ப நூறு போட்டும் ஒருத்தருக்கும் போய்ச் சேரலை."

ஹெட்போன் காதுக்குத் திரும்பிவிட்டது.

தாமோதரன் தன் நாற்காலிக்குப் போனார். கோபம்தான். ஆனால் கோபப்படும் நிலைமையில் அவர் இல்லை.

நடந்தது இதுதான்.

ஒரு கண் வங்கி. இறந்தவரின் கண்களைக் கொடுத்த குடும்பத்துக்கு, அந்தக் கண்கள் வேறு இருவருக்குப் பொருத்தப்பட்ட பிறகு, ஒரு நன்றிக் கடிதம் போக வேண்டும். மெயிலில், தானாகவே. அந்தச் செயலியை எழுதியவர் தாமோதரன்.

கடிதத்தின் முதல் சொல் 'அமரர்'. அடுத்தது பெயர்.

சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு பெயர் வேண்டும். தாமோதரன் தன் பெயரைப் போடப் போனார், போடவில்லை. மனைவி பெயர்? சிவ சிவா! பக்கத்து சீட்டுக்காரர் பெயர்? பாவம், அவருக்கு ஏற்கெனவே பி.பி. இருக்கிறது. உயிரோடு இருக்கிற யார் பெயரையும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் படித்தவர்தான். இருந்தாலும் எதுக்கு வம்பு?

அதனால் முதல் பெயர்: டெஸ்ட். கடைசிப் பெயர்: டெஸ்ட்.

'அமரர் டெஸ்ட் டெஸ்ட் அவர்களின் கண்கள் இருவருக்குப் பார்வை அளித்துள்ளன.'

கிணற்றில் விழுந்த கடிதத்தைப் பார்த்து அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. தாமோதரனும் சிரித்தார். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இந்தப் பெயரையே போட்டுக்கொள் என்று செயலியிடம் சொல்லி வைத்தார். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். எடுக்கவில்லை. நாலு மெயில்தானே என்று வளர்மதியிடம் காட்டவும் இல்லை. செயலி அப்படியே கண் வங்கிக்கு வேலைக்குப் போய்விட்டது.

நம் ஆட்கள் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் இடம் விடுவதில்லை. ஒட்டித்தான் எழுதுவார்கள். குப்புராஜ் என்ற ஒரு தகப்பனாரும் மகன் பெயரை அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். கு.கவின். இதில் எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று செயலிக்குப் புரியவில்லை. புரியாததை அது காலி என்று எடுத்துக்கொண்டது.

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் குப்புராஜுக்கு மெயில் போனது.

அமரர் டெஸ்ட் டெஸ்ட் அவர்களின் கண்கள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. யாரையும் திட்டவில்லை. பதில் எழுதினார். கண் வங்கிக்காரர்கள் அதை அப்படியே தாமோதரனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

'என் பையன் பேரு அது இல்லைங்க. கவின். பத்தொம்பது வயசு. இந்த லெட்டரை அவங்க அம்மாகிட்ட இன்னும் காட்டலைங்க. சரியான லெட்டர் வந்தா காட்டலாம்னு இருக்கேன்.'

தப்பைத் திருத்தப் பத்து நிமிடம் ஆனது. திருத்திய கடிதத்தை அனுப்ப ஐந்து நாளாகியும் முடியவில்லை.

தாமோதரனுக்கும் ஒரு பையன் இருக்கிறான். பெயர் பரிதி. ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவனுக்கும் பத்தொன்பதுதான்.

நாலு மணி வாக்கில் அவர் மறுபடி குருவின் முன்னால் போய் நின்றார்.

"சரி அம்மிணி. கெணத்துல யாருமில்லை. வேற எங்க அனுப்பிப் பாக்கறது?"

வளர்மதி கிணற்றில் விழும் கடிதம் தன் போனுக்கு வருகிற மாதிரி ஒரு திருப்பு திருப்பினாள். போனை அவர் கையில் கொடுத்தாள்.

"கீழ பேக்கரிக்குப் போங்ண்ணா. டீ சொல்லுங்க. கிளாஸ் கைக்கு வந்ததும் எனக்குக் கையக் காட்டுங்க. ஜன்னல்ல நிக்கறேன். அப்ப அனுப்பறேன்."

"டீ எதுக்கு?"

"குடிக்கத்தானுங்ண்ணா."

போனார். நாலு மணிக் கூட்டம். ஒருவர் முழங்கை இவர் வயிற்றில். ஒரு கையில் கொதிக்கிற டீ, இன்னொரு கையில் போன். எந்தக் கையைக் காட்டுவது என்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

போன் டிங் என்றது.

திரையில் ஒரே ஒரு வரி.

'கோரிக்கை எண் 118 வெற்றிகரமாக நிறைவுற்றது!'

அதை எழுதியவர் அவர்தான். கம்ப்யூட்டரில் நூறு தடவை கண்ணில் பட்டிருக்கிறது. அங்கே அது தலைப்பு. மேலே ஓரமாக, சின்னதாக, யாரும் கவனிக்காத இடத்தில் இருந்தது. போனில் முதலில் வருவது அது. அது மட்டும்தான்.

பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கிற ஒருவர் இதைத்தான் முதலில் பார்ப்பார். கடைசியில் ஆச்சரியக்குறி வேறு.

டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே வந்தார். தலைப்பை அழித்தார். 'கவினைப் பற்றி ஒரு கடிதம்' என்று எழுதினார். வளர்மதியிடம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"டீ எப்படிங்ண்ணா இருந்துச்சு?"

அப்போதுதான் டீயைக் குடிக்காதது அவருக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் அவரே வந்தார்.

"இப்ப அனுப்பலாங்களா?"

"கவின் அம்மாவுக்கு இதை யாருங்ண்ணா காட்டுவாங்க?"

"அவங்க அப்பா. அவரே எழுதியிருக்காரே."

"போனை நீட்டுவாரா, படிச்சுக் காட்டுவாரா?"

தாமோதரன் யோசித்தார். தன் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

"படிச்சுத்தான் காட்டுவாரு."

"படிங்க."

"இங்கயா? இத்தனை பேரு இருக்காங்க."

"அவரு வீட்லயும் நாலு பேரு இருப்பாங்கங்ண்ணா."

தாமோதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துப் பழக்கம். முதல் வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தார்.

"மேற்கண்ட கொடையாளரிடமிருந்து பெறப்பட்ட விழிவெண்... விழிவெண்பட..."

நாக்கு புரண்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் புரண்டது. பக்கத்து வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வளர்மதி சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் அந்த வார்த்தையைத் தாண்டி வந்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

பொண்டாட்டி முன்னால் உட்கார்ந்து இதைப் படிக்கிற மனுசனுக்கு எப்படி இருக்கும்?

கடைசி வரிக்கு வந்தார்.

"இது தானியங்கி மின்னஞ்சல். தயவுசெய்து இதற்குப் பதில் அனுப்ப..."

நின்றுவிட்டார்.

"அவருதான் பதில் போட்டுட்டாரே அம்மிணி."

"ஆமாங்ண்ணா."

"எத்தனை நல்ல மனுசன். அவரைப் போயி பதில் போடாதேங்கறேன்."

தன் இடத்துக்குப் போகும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. அவள் மேஜையில் குனிந்தபடியே அந்த வரியை அழித்தார். கார்னியாவுக்குத் தமிழில் போட்டிருந்த விழிவெண்படலத்தையும் அழித்தார். அந்த இடத்தில் 'கண்கள்' என்று போட்டார்.

அழித்து முடித்ததும் அவருக்கு ஒரு ஆற்றாமை வந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி அம்மிணி தெரியுது? நான் இருபத்திரண்டு வருசமா இந்த வேலையிலதான் இருக்கேன்."

"எனக்கும் தெரியாதுங்ண்ணா. கெணத்துல என் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க."

தேடினார்.

பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. இரண்டு வருடத்தில் அந்த அலுவலகம் கட்டிய ஒவ்வொரு செயலியிலும் அவள் தன் பெயரையே போட்டிருந்தாள். ஒரு பரிசோதனைக் கூடத்தின் செயலியில் அவளுக்கு மூன்று தடவை டெங்கு வந்திருந்தது. ஒரு கல்லூரியின் செயலியில் பதினான்கு பாடத்தில் ஃபெயில். ஒரு பஸ் கம்பெனியின் செயலியில் தீபாவளிக்கு முந்தின நாள் அவள் டிக்கெட் ரத்தாகியிருந்தது. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் செயலி ஒன்றில் அறுபத்து மூன்று மாப்பிள்ளை வீட்டார் அவளை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அறுபத்து மூணு பேருமா?"

"மூணாவது மெயில்லயே அழுகை வந்துருச்சுங்ண்ணா. எந்த வரியில வந்துச்சுன்னு பாத்தேன். அந்த வரியை மாத்தச் சொன்னேன்."

"மீதி அறுபது?"

"மாத்தினது சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு."

சொல்லிவிட்டு வேர்க்கடலை ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு இந்தப் பெண்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான், மறைப்பானேன். தாமோதரனுக்கும் வந்திருக்க வேண்டும். இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

எழுந்தவர் பட்டியலின் உச்சிக்குப் போனார். அங்கே அன்று காலையில் விழுந்த கடிதம் இருந்தது.

'அமரர் வளர்மதி அவர்களின் கண்கள் இருவருக்குப் பார்வை அளித்துள்ளன.'

பெறுநர் கட்டத்தில் அவள் அம்மா பெயர்.

தாமோதரன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா! என்ன காரியம் அம்மிணி இது? கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு!"

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்ண்ணா. அம்மா இப்பத்தான் போன் பண்ணுனாங்க. சாயங்காலம் வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வரணுமாம்."

"படிச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"அம்மா படிக்கற மாதிரி படிச்சேன். ஒரு வார்த்தை இடிச்சுது."

"எது?"

வளர்மதி கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க போட்டுப் பாருங்ண்ணா."

தாமோதரன் மறுபடி உட்கார்ந்தார். நாலு கட்டங்கள்.

கடிதம் யாருக்கு? தாமோதரன் என்று போட்டார். சுலபமாக வந்தது.

இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? தகப்பனார்.

இறந்தவர் வயது? பத்தொன்பது.

இறந்தவர் பெயர்?

'தா.' என்று அடித்தார். அழித்தார். மறுபடி 'தா.ப' வரைக்கும் போனார். கை கீபோர்டைவிட்டுத் தானாக எழுந்து மடியில் வந்து விழுந்தது.

வளர்மதி 'போடுங்க' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. கடலைத் தோலை ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியலை அம்மிணி."

"சரிங்ண்ணா."

"டெஸ்ட்தான். கெணத்துலதான் விழுகும். வெளிய போகாது. எல்லாம் தெரியுது. ஆனா அந்த வார்த்தைக்குப் பக்கத்துல என் பையன் பேரை..."



வளர்மதி கடலைத் தோலை மடித்துக்கொண்டு குப்பைக்கூடை வரை நடந்து போனாள். வேண்டுமென்றே மெதுவாகப் போனாள் என்று நினைக்கிறேன்.

அவள் திரும்பி வந்தபோது கட்டங்களைக் காணோம். தாமோதரன் கடிதத்தையே திறந்து வைத்திருந்தார். கடிதத்தின் முதல் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் அவர் இன்னொருவர் பையன் பெயருக்கு முன்னால் வைத்திருந்தார்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தார்.

ர் போனது. ர போனது. ம போனது. அ போனது.

பிறகு 'அவர்களின்' போனது. 'அளித்துள்ளன' போனது. அந்த வரியை அவர் புதிதாக எழுதினார்.

எழுதி முடித்ததும் கட்டங்களைத் திறந்தார். தா.பரிதி என்று அடித்தார், நடுவில் இடம் விடாமல். கிணற்றில் போட்டார். எழுந்து நின்று, சத்தமாகப் படித்தார்.

"பரிதியின் கண்களால் இப்போது இரண்டு பேர் பார்க்கிறார்கள்."

அந்த வரிசையில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அவர் மேற்கொண்டு படிக்காமல் வெளியே போனார். படிக்கட்டில் நின்று போனில் பேசுவது உள்ளே கேட்டது.

"ஒண்ணுமில்லடா. சும்மாத்தான். ஏன், சும்மா போன் பண்ணக் கூடாதா? கிளாஸா? சரி சரி, போ."

திரும்பி வந்து, பரிதி இருந்த இடத்தில் கவின் என்று மாற்றினார். கிணற்றை விலக்கிவிட்டு, குப்புராஜின் முகவரியைப் போட்டார். யாரையும் கேட்கவில்லை. அனுப்பினார்.

அன்று பதில் வரவில்லை.

சனிக்கிழமையும் வரவில்லை. வீட்டில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு போனையே பார்த்தார். மனைவி கேட்டதற்கு ஆபீஸ் விஷயம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போனது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு குருவின் மேஜைக்கு வந்தார்.

"பதில் வந்திருக்குங்க."

அம்மிணி என்று சொல்ல மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

"நீங்க படிச்சுட்டீங்களாங்ண்ணா?"

"இல்லைங்க. பயமா இருக்கு."

"படிங்க."

"இங்கயா?"

"சத்தமா."

தாமோதரன் படித்தார்.

"லெட்டர் வந்துச்சுங்க. கவின் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, இன்னொருக்கா படிங்கன்னாங்க."

வளர்மதி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இன்னொருக்கா படிங்ண்ணா."